கீழ்ச்சங்கம் பிரிந்த சரித்திரம்

ஏலக்காயைப் பறித்தால் மறுநாளுக்குள் ஸ்டோரில் ஏற்றி அனலில் காயவைக்க வேண்டும். ஸ்டோர் என்பது விறகு எரித்து, அடுக்கடுக்கான தட்டுகளில் பச்சைக்காயை உலர்த்தும் சூட்டுக் கட்டடம். தவறினால் காய் வெளுக்கும், வாய் பிளக்கும், மூட்டையைப் பிரித்தால் புளித்த மாவு வாடை வரும். இது கடவுள் போட்ட சட்டம், சங்கம் போட்டதல்ல. ஆகையால் இதில் திருத்தம் கொண்டுவர வழியில்லை, கால நீட்டிப்புக் கேட்க வழியில்லை, துணைக்குழு அமைக்கவும் வழியில்லை. இந்த ஒரு குறையைத் தவிர ஏலக்காய் நல்ல பயிர்தான்.

மேற்படி சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, போடியில் வீடும் போடிமெட்டுக்கு மேலே தோட்டமும் வைத்திருந்த கீழ்நாட்டார் இருநூற்றுப் பதினொரு பேரும், மலையிலேயே குடியிருந்த மேல்நாட்டார் நூற்று அறுபது பேரும் சேர்ந்து ஒரு கூட்டுச் சங்கம் நடத்திவந்தார்கள். சங்கத்தின் ஸ்டோர் மேலே இருந்தது. சங்கத்தின் அலுவலகம் கீழே இருந்தது. மேலே காய் காய்ந்தது. கீழே மின்விசிறி சுற்றியது. இருபத்தாறு வருசம் ஒரு புகாரும் வரவில்லை. ஒரு சங்கம் இவ்வளவு காலம் புகாரில்லாமல் நடந்திருக்கிறது என்றால், நிர்வாகிகள் தூங்கியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

கடைசியில் புகார் வடையில் வந்தது.

வருசாந்திரக் கூட்டம் தை மாசம் நடக்கும். டீயோடு ஆமவடை கொடுப்பார்கள். அந்தத் தையில் கூட்டம் மேலே நடந்தபோது வடைக்குப் பதிலாகப் பழம்பொரி கொடுத்துவிட்டார்கள். நேந்திரம் பழத்தை நீளவாக்கில் அறுத்து, மாவில் முக்கி, எண்ணெயில் போட்டு எடுத்த அந்த மேல்நாட்டுப் பண்டத்தைக் கையில் வாங்கியதும் கீழ்நாட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தின்றார்கள். தின்று முடித்த பிறகு அவமானமாக இருந்தது.

அதிகம் மனம் புண்பட்டவர் உக்கிரபாண்டி. அவர் நாலு தின்றிருந்தார்.

உக்கிரபாண்டிக்கு அறுபத்தொரு வயது. மேலே இரண்டரை ஏக்கர் தோட்டம், கீழே ஒரு வீடு, நடுவில் ஓட ஒரு பழைய ஜீப்பு. அவர் மனம் பழம்பொரிக்கு முன்பே புண்பட்டுத்தான் இருந்தது. பதினொரு வருசத்துக்கு முன் ஒரு நாள் எட்டு மூட்டைப் பச்சைக்காயை ஸ்டோருக்குக் கொண்டுபோய், வரிசையில் நிற்காமல் நேராக வாசலில் இறக்கினார். ஸ்டோர் செயலாளர் அழகுமலை வேறு யாருமில்லை, உக்கிரபாண்டியின் மனைவி ஜக்கம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். சொந்த மச்சான். அந்த மச்சான் முப்பது பேர் பார்க்க, காயெடுக்கும் பொம்பளைகளும் பார்க்க, "முறை முறைதான் மாப்ளே. வரிசையில வைங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து உக்கிரபாண்டி அவரோடு பேசுவதில்லை. ஸ்டோரில் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் தராசைப் பார்த்துச் சொல்லுவார். "எட்டு மூட்டை இருக்கு. ஈரம் கூட." அழகுமலையும் தராசைப் பார்த்தே, "நாளைக்கு மத்தியானம் ஏத்திரலாம்" என்பார். இரண்டு பேர் பேச்சையும் பதினொரு வருசம் அந்தத் தராசு பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

அப்போது கீழ்நாட்டாருக்குத் தலைவராக இருந்தவர் லிங்கேஸ்வரன். மெத்தை வைத்த நாற்காலி ஒன்று அலுவலகத்தில் உண்டு. அதில் அவர் ஒன்பது வருசமாக உட்கார்ந்திருந்தார். அந்த மெத்தையை ஒன்பது வருசமாக நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தவர் பாண்டித்துரை. பாண்டித்துரைக்கு லண்டனில் ஒரு அக்கா மகன் இருந்தான். அங்கே என்ன சோலி பார்க்கிறான் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் போனில் சொன்னான் என்றால் ஊரில் மறுபேச்சு கிடையாது.

"அண்ணே, இங்கிலாந்துக்காரன் என்ன பண்ணான் தெரியும்ல?" என்று பாண்டித்துரை அலுவலக வாசலில் நின்று சத்தமாகக் கேட்டார். "ஐரோப்பாக்காரன்கூடச் சேர்ந்திருக்கிறது கவுரவக் கொறச்சல்னு ஊரையே கூட்டி ஓட்டுப் போட்டான். பிரிஞ்சுட்டான். அவனே பிரிஞ்சிருக்கான், போடிக்காரன் என்ன எளப்பமா?"

"பிரிஞ்சு என்ன ஆச்சாம்?" என்று ஒருவர் கேட்டார்.

"நாலு வருசம் பேசியே தீர்த்தாங்களாம். அதுக்குள்ள ரெண்டு பிரதமர் போயி மூணாவது ஆளு வந்துட்டாராம். பிரிஞ்ச பெறகும் மாறிக்கிட்டுத்தான் இருந்தாங்களாம்."

கூட்டத்தில் நாலைந்து பேர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்கள். ஒரே விஷயத்தில் இத்தனை பேர் தலைவராகலாம் என்பது அதுவரை போடியில் யாருக்கும் தோன்றியதில்லை.

லிங்கேஸ்வரன் யோசித்தார். ஓட்டெடுப்பு நடத்தினால் சேர்ந்திருப்பதுதான் ஜெயிக்கும், அதோடு பாண்டித்துரையின் வாய் அடைபடும் என்று கணக்குப் போட்டு, பங்குனியில் நாள் குறித்தார். பாண்டித்துரை இரண்டு பேச்சு எழுதினார். "சேர்ந்திருப்போம்" என்பது இடது பாக்கெட்டில். "பிரிவோம்" என்பது வலது பாக்கெட்டில். மேடையில் ஏறியபோது இடது கையில் மைக்கு இருந்ததால் வலது பாக்கெட்டில் கை விட்டார். போடியின் விதி இப்படித்தான் தீர்மானமாயிற்று.

பிரச்சாரத்துக்கு உக்கிரபாண்டி தன் ஜீப்பைக் கொடுத்தார். ஸ்டோருக்கு வேண்டிய விறகு கீழேயிருந்துதான் போகும். அதனால் ஜீப்பின் பக்கவாட்டில் இப்படிப் பிளக்ஸ் கட்டினார்கள்: "வாரம் முப்பத்தைந்து லோடு விறகு மேலே போகிறது! அந்த விறகு இனி நமக்கே! நம் வடை நம் கையில்!" ராசிங்காபுரம் வரைக்கும் போய் வந்த அந்த ஜீப்பைப் பார்த்தவர்களுக்கெல்லாம், தன் வீட்டு அடுப்பிலிருந்து எவனோ கொள்ளியை உருவிக்கொண்டு போகிற மாதிரி வயிறு எரிந்தது. அந்த விறகில் காய்வது தங்கள் காய்தான் என்பதைப் பிளக்ஸில் எழுத இடமில்லை.

ஜக்கம்மாள் மட்டும் வாசலில் நின்று அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"விறகு நமக்குன்னு போட்டிருக்கே, அதை வச்சு என்ன பண்ணப் போறீக?"

"எரிப்போம்."

"எதுல?"

"இந்தா பாரு, இது கொள்கை. உனக்கு ஒன்னும் தெரியாது, உள்ள போ."

பிரிய வேண்டும் என்று நூற்று ஆறு பேர். சேர்ந்திருக்க வேண்டும் என்று நூற்று ஐந்து பேர். ஒரு ஓட்டு வித்தியாசம். அந்த ஒரு ஓட்டு தன் ஓட்டுதான் என்று நூற்று ஆறு பேரும் சொல்லிக்கொண்டார்கள். உக்கிரபாண்டிக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்த மச்சானின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்து இரண்டு நாள் சந்தோசமாகச் சாப்பிட்டார்.

ஓட்டெடுப்புக்கு மறுநாள் காலை லிங்கேஸ்வரன் ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே படி இறங்கிப் போனார். ஜெயித்தது பாண்டித்துரை, அவர்தான் இனி தலைவர் என்று எல்லோரும் அவரைத் தேடினார்கள். ஜெயிப்போம் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. நெஞ்செரிச்சல் என்று சொல்லித் தேவாரத்தில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். அங்கே இந்த வருசம் யானை இறங்குகிறது, வர முடியவில்லை என்று போனில் சொன்னார்.

ஆள் கிடைக்காமல் போகவே, ஆறு ஏக்கர் தோட்டக்காரி சந்திரவல்லியைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் சேர்ந்திருக்க வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர். அதனாலேயே பிரிவதில் மற்ற எவரையும்விடக் கண்டிப்பாக இருந்தார்.

"பிரிவுன்னா பிரிவுதான்" என்று முதல் கூட்டத்திலேயே சொன்னார்.

"அப்படின்னா என்னக்கா அர்த்தம்?"

"அர்த்தம் பிரிவு."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பிரிவதாகப் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். உக்கிரபாண்டி ஜீப்பில்தான் சந்திரவல்லி போனார். அங்கிருந்த அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விசாரித்தார்.

"சங்கத்தைக் கலைக்கிறதுக்குப் படிவம் இருக்கு. ரெண்டு சங்கத்தை இணைக்கிறதுக்குப் படிவம் இருக்கு. பிரிக்கிறதுக்கு இதுவரை யாரும் கேட்டதில்லை."

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க சார்?"

"இணைப்புப் படிவத்தை வாங்கிக்கங்க. 'இணைய' ன்னு வர்ற எடமெல்லாம் அடிச்சுட்டு மேல 'பிரிய' ன்னு எழுதுங்க. ஒவ்வொரு அடித்தலுக்கும் ஒரு கையெழுத்து. மூணு பிரதி."

அடித்தல் நாற்பத்து மூன்று. மூன்று பிரதிக்கு நூற்று இருபத்தொன்பது கையெழுத்து. சந்திரவல்லி ஆள்காட்டி விரலில் துணி சுற்றிக்கொண்டு திரும்பினார். கடைசிப் பக்கத்தில் "தங்கள் சொத்துக்களின் இருப்பிடம்" என்று ஒரு கேள்வி இருந்தது. அதைப் படித்தபோதுதான் விஷயம் சபைக்கு வந்தது.

"ஸ்டோரு மேலல்ல இருக்கு!" என்றார் சந்திரவல்லி.

தேவாரத்திலிருந்து அன்றுதான் திரும்பியிருந்த பாண்டித்துரை எழுந்தார். "இத ஏன் முன்னாடியே யாரும் சொல்லல?"

"நீங்க இருபத்தாறு வருசமா அங்கதானய்யா காய் கொண்டுபோறீங்க?"

"கொண்டுபோறேன். ஆனா அது எழுத்துப்பூர்வமா என் கவனத்துக்கு வரல."

அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. உடனே மேலும் மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, இனிக் கீழ்நாட்டுக் காய் மேல் ஸ்டோருக்குள் நுழையாது. இரண்டு, விறகு அனுப்புவது நிறுத்தப்படும். மூன்று, கீழே சொந்த ஸ்டோர் கட்டுவதைப் பற்றி ஆராயும் குழுவுக்கு யார் யாரைப் போடலாம் என்று சொல்ல ஒரு குழு போடப்படும்.

விறகு அலுவலக வாசலில் வந்து குவிந்தது. முதல் வாரம் எல்லோரும் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் நாய் ஒன்று அதற்குள் ஆறு குட்டி போட்டது. மேல்நாட்டாரோ தோட்டத்து நிழல்மரக் கிளைகளை வெட்டி எரித்துக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் தீர்மானம் எதுவும் போடவில்லை என்பதைக் கேட்டு, நிர்வாகம் தெரியாதவர்கள் என்று கீழே சிரித்தார்கள்.

ஆவணியில் முதல் காயெடுப்பு. உக்கிரபாண்டிக்கு எட்டு மூட்டை. போன வருச வறட்சியில் பாதிச் செடி போய், மீதியில் விளைந்த காய். அவர் தோட்டத்துக்கும் ஸ்டோருக்கும் அரை மைல்தான். தோட்டத்தில் நின்றால் ஸ்டோர்ப் புகை தெரியும். காற்று திரும்பினால் காய் வேகும் வாசனைகூட வரும். உக்கிரபாண்டி அந்தப் புகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூட்டைகளை ஜீப்பில் ஏற்றி, போடிமெட்டு தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவு இறங்கி, வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ப் பரப்பினார். இரண்டாம் நாள் காய் வெளுத்தது. நாலாம் நாள் வாய் பிளந்தது. ஏலக்காய்க் கடைக்காரர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது என்ன, கொண்டைக்கடலையா?" என்றார்.

"சுதந்திரக் காய் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தார் உக்கிரபாண்டி. ஆனால் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

"இன்னும் ரெண்டு எடுப்பு பெருசா வரும்" என்றார் ஜக்கம்மாள். "அதையும் இப்படி மாடியில போட்டுப் பாழாக்குனா தோட்டத்தை வித்துட்டு உக்காரணும். எங்கண்ணன்கிட்டப் போய் ஒரு வார்த்தை பேசுங்களேன்."

"தலை போனாலும் பேச மாட்டேன்."

"தலை இருக்கட்டும். தோட்டம் போகுதே!"

பேச்சுவார்த்தைக்குச் சந்திரவல்லிதான் மேலே போனார். மூன்று தடவை போனார். மூன்று தடவையும் உக்கிரபாண்டி ஜீப்புதான். சந்திரவல்லி உள்ளே அழகுமலையோடு பேச, உக்கிரபாண்டி வெளியே ஸ்டியரிங்கோடு பேசிக்கொண்டிருப்பார். வளைவுகளில் சந்திரவல்லிக்கு வாந்தி வரும். வாந்திக்கு நடுவே ஒப்பந்தம் தயாராயிற்று. கீழே ஸ்டோர் கட்டி முடிக்கும் வரை கீழ்நாட்டுக் காயை மேலேயே காயவைத்துக்கொள்ளலாம், மேல்நாட்டு விதிக்குக் கட்டுப்பட வேண்டும். இவ்வளவுதான் ஒப்பந்தம்.

பொதுக்குழு கொதித்தது.

"இது எப்படிம்மா பிரிவாகும்? முன்னயும் அங்கதான் காயவச்சோம், இப்பயும் அங்கதான்னா?"

"முன்ன சேர்ந்து காயவச்சோம். இப்பப் பிரிஞ்சு காயவைப்போம்."

"நேர நேரமா வடை உண்டா அதுல?"

"பிரிவுன்னா பிரிவுதான்" என்றார் சந்திரவல்லி. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

ஒப்பந்தம் தோற்றது. பிரிவதற்குப் பதிவு அலுவலகம் கொடுத்திருந்த கெடு நீட்டிக்கப்பட்டது. அதே ஒப்பந்தம் மறுபடி வந்தது, மறுபடி தோற்றது. மறுபடி நீட்டிப்பு. மூன்றாம் தடவையும் தோற்றபோது பதிவு அலுவலக அதிகாரி, "நீட்டிப்புக்குத் தனிப் படிவம் போட்டுட்டோம்மா, உங்க ஒருத்தருக்காகவே" என்று பெருமையாகச் சொன்னார். இதற்கிடையில் தலைவர் பதவிக்குத் தாங்கள் தயார் என்று பன்னிரண்டு பேர் அறிவித்தார்கள். போடியில் அந்த வருசம் செழித்த தொழில் பிளக்ஸ் கடை ஒன்றுதான். பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி நெஞ்சில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு முழுக்க நின்றார்கள்.

ஐப்பசியில் இரண்டாம் எடுப்பு. அன்று ஜக்கம்மாளும் தோட்டத்துக்கு வந்து மூட்டை கட்டினார். அன்றும் எட்டு மூட்டை ஏற்றியதாகத்தான் உக்கிரபாண்டிக்கு ஞாபகம். வீட்டில் இறக்கும்போது நாலுதான் இருந்தது. வளைவில் உருண்டிருக்குமோ என்று மறுபடியும் பதினேழு வளைவையும் ஏறி இறங்கிப் பள்ளமெல்லாம் எட்டிப் பார்த்தார். காய் கிடைக்கவில்லை. "குரங்கு தூக்கியிருக்கும்" என்றார் ஜக்கம்மாள். மூட்டையோடு தூக்குகிற குரங்கா என்று கேட்க உக்கிரபாண்டிக்குத் தெம்பு இல்லை. வீட்டுக்கு வந்த நாலு மூட்டையும் முன்போலவே வெளுத்தது.

சந்திரவல்லி அழுதுகொண்டே ராஜினாமா செய்தார். இந்த முறை பாண்டித்துரைக்கு நெஞ்செரிச்சல் இல்லை. மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, சந்திரவல்லியின் ஒப்பந்தத்தைப் பழுப்பு பைலிலிருந்து எடுத்துப் பச்சை பைலில் போட்டார்.

"இது முற்றிலும் புதிய ஒப்பந்தம்."

"பைல்தானப்பு புதுசு?"

"உள்ள எதுக்குப் பாக்குறீங்க? நம்பிக்கை வையுங்க."

கார்த்திகைக் கடைசியில் பொதுக்குழு கூடிப் புது ஒப்பந்தத்தை ஏற்பதாக இருந்தது. காலை பத்து மணிக்குக் கூட்டம். அன்றுதான் உக்கிரபாண்டியின் மூன்றாம் எடுப்பும். மறுபடி எட்டு மூட்டை, பச்சைப் பசேலென்று, வருசத்தின் கடைசிப் பெரிய காய். முந்தின நாள் பறித்தது. அன்று சாயங்காலத்துக்குள் ஏறியாக வேண்டும். ஒப்பந்தம் நிறைவேறிய மறு நிமிசம் தலைநிமிர்ந்து ஸ்டோருக்குள் போய்விடலாம் என்று, உக்கிரபாண்டி மூட்டைகளோடு ஜீப்பைப் போடிமெட்டில் ஓரங்கட்டிவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். "நடுவுல யாரு உக்கார்றதுன்னு பேசிக்கிட்டிருக்காங்க" என்றார்கள். ஒரு மணிக்குக் கூப்பிட்டார். "ஓட்டெடுப்பு எப்ப நடத்துறதுன்னு ஒரு ஓட்டெடுப்பு நடக்குது." மூன்று மணிக்குக் கூப்பிட்டார். "லிங்கேஸ்வரன் மறுபடி தலைவருக்கு நிக்கிறாராம்." நாலு மணிக்கு மூட்டைக்குள் கையை விட்டார். உள்ளே சுட்டது. விரலை மோந்து பார்த்தார். மாவு புளிக்க ஆரம்பித்திருந்தது.

உக்கிரபாண்டி கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். அப்புறம் ஜீப்பைக் கிளப்பினார். கீழே திருப்பவில்லை.

ஸ்டோர் முன்வாசலில் நிறுத்த மானம் இடம் கொடுக்கவில்லை. பின்பக்கம் போனார். பின்பக்கத்தில் ஏற்கெனவே ஜீப்புகள் நின்றன. சுவரோரம் மூட்டைகள் வரிசையாக இருந்தன. மூட்டைகளில் மையால் போட்ட எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். பா.து. என்று பதினாறு மூட்டை. லி. என்று பத்து. ச.வ. என்று ஒன்பது. போடியில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்ற பன்னிரண்டு பேரும் இங்கே மூட்டைகளாகச் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

உள்ளே அழகுமலை பேரேட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தராசு.

உக்கிரபாண்டி தராசைப் பார்த்துக் கேட்டார். "இதெல்லாம் என்னவாம்?"

அழகுமலையும் தராசுக்கே சொன்னார். "சங்க விதி பதினெட்டு. மேல்நாட்டு உறுப்பினர் தன் காயையும், உடன்பிறந்தா காயையும், மச்சான் மொறை உள்ளவுக காயையும் காயவச்சுக்கலாம். மச்சானும் துணை உறுப்பினரு. அவுகளுக்கும் ஓட்டு உண்டு."

"பாண்டித்துரைக்கு மேல எந்த மச்சான் இருக்கான்?"

"மொக்கையன்."

மொக்கையன் எழுபது வயதுக் கட்டைப் பிரம்மச்சாரி. கூடப்பிறந்த பெண் கிடையாது.

"அவனுக்கு ஏது தங்கச்சி? அவன் எப்படி மச்சானாவான்?"

"விதியில தங்கச்சியப் பத்திக் கேள்வி இல்ல. மொறை சொல்லிக் கூப்புட்டா எழுதிக்க வேண்டியதுதான். பாண்டித்துரை ஆவணியிலயே வந்து கூப்புட்டுட்டாரு. மொக்கையனுக்கு இப்ப நாப்பத்து மூணு மச்சான். பாவம், பொங்கலுக்கு யார் வீட்டுக்குப் போறதுன்னு தெரியாம முழிக்கிறான்."

ஆவணியில். தான் மொட்டைமாடியில் கொண்டைக்கடலை காயவைத்த அதே ஆவணியில். உக்கிரபாண்டி ஒரு எட்டு முன்னால் வந்தார். தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ்நாட்டுல இருநூத்திப் பதினோரு பேரு. எத்தன பேரு வந்திருக்காக?"

"இருநூத்திப் பத்து."

ஸ்டோருக்குள் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது. அழகுமலை பேரேட்டில் ஐப்பசிப் பக்கத்தைத் திருப்பித் தராசுக்குக் காட்டினார். "அந்த ஒருத்தர் வீட்லயும் பொம்பள வெவரம். ஜக்கம்மாள், தங்கச்சி, நாலு மூட்டை. பச்சை மாறாமக் காய்ஞ்சு உள்ளதான் இருக்கு."

குரங்கு எது என்று உக்கிரபாண்டிக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெளியே ஜீப்பில் எட்டு மூட்டை சூடேறிக்கொண்டிருந்தது. அழகுமலை பேனாவைத் திறந்தார். "பேரு உக்கிரபாண்டின்னு எழுதிட்டேன். உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. மொறை சொன்னா எழுதுவேன்."

"அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"எழுத்துப்பூர்வமா என் கவனத்துக்கு வரலியே."

உக்கிரபாண்டி கண்ணை மூடிக்கொண்டார். "மச்சான்" என்றார்.

"யாருக்கு? எனக்கா, தராசுக்கா?"

பதினொரு வருசத்தில் முதல் தடவையாக உக்கிரபாண்டி அந்த முகத்தைப் பார்த்தார். மச்சானுக்கு முடி நரைத்திருந்தது. முன்பல் ஒன்று போயிருந்தது. அது எப்போது போனது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒனக்குத்தான்யா, மச்சான். வெரசா எழுது, காய் வேகுது."

அழகுமலை எழுதினார். மை காய ஊதினார். பேரேட்டை மூடினார்.

"சரி மாப்ளே. கொண்டாங்க." பேனாவை மூடினார். "வரிசையில வைங்க."

மறுநாள் பொதுக்குழு மறுபடி கூடியது. சபையில் ஒரு புதுத் தெம்பு தெரிந்தது. ஒப்பந்தமே வேண்டாம், எந்த நிபந்தனையும் இல்லாமல் முழுசாகப் பிரிகிறோம் என்று பாண்டித்துரை தீர்மானம் கொண்டுவந்தார். லிங்கேஸ்வரன் வழிமொழிந்தார். சந்திரவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமோதித்தார். "நம்ம காய் அழுகினாலும் அழுகட்டும், மானம் அழுகக் கூடாது!" என்று பாண்டித்துரை முழங்கியபோது இருநூற்றுப் பதினொரு பேரும் கை தூக்கினார்கள். அவர்கள் சட்டைகளிலெல்லாம் புதிதாகக் காய்ந்த ஏலக்காய் மணத்தது.  உக்கிரபாண்டி இரண்டு கையையும் தூக்கினார்.

தையில் மேல்சங்கத்தின் வருசாந்திரக் கூட்டம் ஸ்டோர் முற்றத்தில் நடந்தது. மொத்த உறுப்பினர் முந்நூற்று எழுபத்தொன்று. அதில் மச்சான்மார் இருநூற்றுப் பதினொன்று. போடியிலிருந்து ஜீப்பு ஜீப்பாக வந்து இறங்கினார்கள். கடைசி எடுப்புக் காய் உள்ளே தட்டுகளில் காய்ந்துகொண்டிருந்தது. அதில் உக்கிரபாண்டியின் மூன்று மூட்டையும் இருந்தது. டீயோடு பழம்பொரி வந்தது. மச்சான்மார் தின்றார்கள். தின்று முடித்ததும் அவமானமாக இருந்தது.

பாண்டித்துரை எழுந்தார். வலது பாக்கெட்டில் கை விட்டார்.

"அண்ணன் தம்பிமாரே! இந்தச் சங்கத்துல மெஜாரிட்டி நாம. ஆனா நமக்குன்னு ஒரு வடை உண்டா? பின்வாசல்ல வந்து பின்வாசல்ல போறோமே, இது மரியாதையா? லண்டன்ல என் அக்கா மகன் என்ன சொல்றான்னா..."

மச்சான்மார் இருநூற்றுப் பதினொரு பேர் கையும் உயர்ந்தது. அதைப் பார்த்து, இவர்கள் போனால் போதும் என்று மேல்நாட்டார் நூற்று அறுபது பேர் கையும் உயர்ந்தது. முற்றத்தில் ஒரே கைக்காடு. ஓட்டை விட்டுவிடக் கூடாதென்று, அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த ஆளும் ஓடிவந்து வரிசையில் நின்று கை தூக்கினான்.

அழகுமலை அண்ணாந்து புகைக்கூண்டைப் பார்த்தார். புகை மெலிந்துகொண்டே வந்தது. பக்கத்தில் உக்கிரபாண்டி, ஒரு கையில் பாதிப் பழம்பொரியோடு, மறு கையை எல்லோரையும்விட உயரமாகத் தூக்கியிருந்தார்.

"மாப்ளே, ஒங்க காய் உள்ள இருக்கு. அடுப்பு அணையுது. என்ன தீர்மானம்னு தெரிஞ்சுதான் தூக்குனீங்களா?"

"சும்மா இருங்க மச்சான்" என்றார் உக்கிரபாண்டி, கையை இறக்காமல். "எண்ணட்டும். எண்ணி முடிச்சதும் சொல்லுவாங்கள்ல."